மார்லோ சேம்பர்ஸ், மூன்றாம் மாடி

பிறை,
15 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை காமினி எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். உனக்குச் சளி போய்விட்டதா? அம்மா கேட்கச் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்கிறேன். உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம்.

அண்ணே, இன்றிலிருந்து நான் பார்ப்பதையும் கேட்பதையும் உனக்கு உண்மையாக எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். உங்கள் பள்ளியில் போன் கிடையாது, படுக்கும் அறை ஜன்னலைத் திறந்தால் சுவர்தான் தெரியும் என்று எழுதியிருந்தாயே. உனக்கு ஊரைக் காட்டுவது இனி என் வேலை.

நீ போன பிறகு என்னை வீட்டில் தனியாக விட அம்மாவுக்குப் பயம். அதனால் பள்ளி விட்டதும் நேராக அம்மா வேலை செய்யும் மார்லோ சேம்பர்ஸுக்குப் போகிறேன். மாலையில் இருவரும் சேர்ந்து தீவிலிருந்து ஃபெரியில் கடல் தாண்டிப் பிறைக்குத் திரும்புகிறோம். தெருப் பலகையில் மலாயில் லெபோ பந்தாய் என்றுதான் இருக்கிறது. ஆனால் எல்லாரும் பீச் ஸ்திரீட் என்கிறார்கள். பீச் இல்லை. முன்பு கடல் அங்கேதான் இருந்ததாம், மண்ணைக் கொட்டித் தள்ளிவிட்டார்களாம். நூலகப் புத்தகத்தில் படித்தேன்.

நீ பல தடவை அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த இடம்தான். ஆனாலும் சொல்கிறேன். நான்கு மாடி. வாசலில் இரண்டு பெரிய தூண்கள், அதில் ஒன்றின் காலடியில் எப்போதும் பூனை. உள்ளே அம்மாவின் கவுண்டர். வெளியாட்கள் ஐசி அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் பாஸ் வாங்கிக்கொண்டுதான் மேலே போகலாம். அம்மா சாப்பிடும் நேரத்தில் நான் பாஸ் கொடுப்பேன். போன வாரம் ஒரு சீனத் தாத்தாவின் ஐசியை ஒரு மலாய்க்கார அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, மேல போய்ட்டு வர்றதுக்குள்ள எனக்கு எழுபது வயசாயிருச்சா?" என்று மலாயில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

ஒரு சந்தேகம். கட்டடத்தில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், நீ ஜோகூரில் தொழில்நுட்பக் கல்லூரி விடுதியில் படிப்பதாக அம்மா சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் நான் தலையை ஆட்டுகிறேன். வாயால் எதுவும் சொல்வதில்லை. தலையை ஆட்டுவதும் பொய்தானா? உனக்குத் தெரிந்தால் எழுது.

இப்படிக்கு,
உன் தங்கை
காமினி


6 மே 2024

அன்புள்ள தங்கச்சி காமினிக்கு,

அண்ணன் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. ஐயா உனக்குப் பதில் வணக்கம் சொல்லச் சொன்னார். தமிழ்க் கடிதத்தைப் படிக்க இங்கே அவர் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார். அதனால் பதில் தாமதமானால் நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. உன் கையெழுத்து அழகாக இருக்கிறதாம், என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறதாம்.

இங்கே எனக்கு மரவேலை கற்றுக்கொடுக்கிறார்கள். ஸ்டூல் ஒன்று செய்தேன். ஆடுகிறது.

நீ தலையை ஆட்டுவது பொய் இல்லை. அது என்னால் வந்தது. நீ அதைப் பற்றி யோசிக்காதே.

ஊரைப் பற்றி இன்னும் எழுது. ஃபெரி ஜெட்டியில் இறங்கி வந்தால் மணிக்கூண்டு முதலில் வருமா, சுங்கத்துறைக் கட்டடம் முதலில் வருமா? ராத்திரி படுத்துக்கொண்டு மனசுக்குள் நடந்து பார்க்கிறேன், பாதியில் குழம்பிவிடுகிறது. ஜாலான் ஜாலான் என்று உலாவப் போவதற்கு வேறு இடம் இல்லை.

அம்மா எனக்கு ஒரு வரி எழுதுவாரா? கட்டாயம் இல்லை.

உன் அண்ணன்
கோகிலன்


பிறை,
22 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உன் ஸ்டூலின் நலத்தையும் விசாரிக்கிறேன். கையெழுத்தைப் பாராட்டிய ஐயாவுக்கு நன்றி.

அம்மாவிடம் கேட்டேன். "என்னத்த எழுதுறது" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

முதலில் வருவது சுங்கத்துறைக் கட்டடம்தான். நேற்று உனக்காகவே நின்று பார்த்தேன். அதை ரயில் நிலையமாகக் கட்டினார்களாம், ஆனால் தீவுக்குள் தண்டவாளமே கிடையாது. டிக்கெட்டை அங்கே வாங்கிக்கொண்டு, ஃபெரி ஏறி, நம் பிறைக்கு வந்துதான் ரயிலைப் பிடிப்பார்களாம். ரயிலே வராத நிலையத்தில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இருந்திருப்பாரா, நாள் முழுவதும் என்ன செய்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் ஒரு மூன்று சக்கரத் திரிஷா வண்டி ஓட்டுநரிடம் திட்டு வாங்கினேன். அதைத் தாண்டித்தான் மணிக்கூண்டு. போரில் குண்டு விழுந்ததால் அது கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. தலையை நேராக வைத்துக்கொண்டு பார்த்தால் தெரியும். அப்புறம் கோட்டை, திடல், கடல்.

இனி ஒரு பெரிய செய்தி. எனக்கு இங்கே ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை லிஃப்ட் கெட்டுப்போனது. மூன்றாம் மாடி வக்கீல் அலுவலகத்துக்கு வந்த தபால்களை அம்மா என்னிடம் கொடுத்து அனுப்பினார். அங்கே ஜன்னலில் கயிறு கட்டிய ஒரு கூடை இருக்கிறது. கீழே தேநீர்க் கடை சாஹித் அண்ணன் கூடையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே பொட்டலங்களை வைப்பார், மேலிருந்து இழுத்துக்கொள்வார்கள். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுவதால் இப்படி ஒரு வழக்கம். நான் போன நேரம் ஓர் ஆன்ட்டி ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் உதவினேன். வேகமாக இழுத்துவிட்டேன். கூடை சுவரில் இடித்துக் கவிழ்ந்து, இரண்டு தே பொட்டலமும் கீழே தெருச் சுவரோவியங்களைத் தேடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணியின் தொப்பிமேல் விழுந்தன. அவர் நிமிர்ந்து பார்த்து, "தேங்க் யூ!" என்றார்.

"என்ன பிள்ளை, தேத்தண்ணியால ஊரைக் குளிப்பாட்டுறியோ?" என்று ஆன்ட்டி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தார்.

அவர் பெயர் சற்குணம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆனால் பிறந்தது இங்கேதான். இருபது வருடத்துக்கும் மேலாக அந்த அலுவலகத்தில் டைப் அடிக்கிறாராம். வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கிறது. "போன வருஷம் மணிக்கூண்டடியில விழுந்திட்டன்" என்றார். தனியாக இருக்கிறார். எனக்குப் படிக்க இரண்டு கதைப் புத்தகங்கள் கொடுத்தார்.

இன்னொன்றும் தெரிந்தது. காலையில் அவர் வாசலுக்கு வந்ததும் அம்மா கவுண்டரிலிருந்து எழுந்துபோய் அவர் பையை வாங்கி லிஃப்ட்வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிறாராம். லிஃப்ட் ஓடாவிட்டால் மூன்றாம் மாடிவரைக்கும். வேறு யாருக்கும் அம்மா அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. "உன்ர அம்மா தங்கமான மனுசி" என்று ஆன்ட்டி சொன்னார். அம்மாவிடம் சொன்னேன், அம்மா கவுண்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

பதில் எழுது.

அன்புத் தங்கை
காமினி


பிறை,
26 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் நலம் தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா? அப்படியானால் சீக்கிரம் குணமாக வேண்டுகிறேன்.

பதில் வராவிட்டாலும் எழுதுவதாகத்தானே ஒப்புக்கொண்டேன். எழுதுகிறேன்.

இப்போது தினமும் மூன்றாம் மாடிக்குப் போகிறேன். பள்ளியில் இடைவேளையில் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே யாரும் என்னிடம் பேசுவதில்லை. உன்னைப் பற்றி வகுப்பில் சிலருக்குத் தெரியும். அதனால் மூன்றாம் மாடிதான் நான் அதிகம் பேசும் இடம். சற்குணம் ஆன்ட்டி நான் சொல்வதையெல்லாம் கேட்பார். நடுவில் போனைப் பார்க்க மாட்டார்.

ஒரு ரகசியம். ஆன்ட்டியால் இப்போது வேகமாக டைப் அடிக்க முடிவதில்லை. மூன்று விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. புதிதாக வந்திருக்கும் மேலாளர் அடிக்கடி வந்து, "முடிஞ்சதா, முடிஞ்சதா" என்று நிற்கிறார். அதனால் அவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் ஆன்ட்டி வாசிக்க வாசிக்கச் சாதாரணக் கடிதங்களை நான் அடித்துக் கொடுக்கிறேன். பத்து விரலாலும் அடிக்கக் கற்றுக்கொண்டேன். "வருஷக் கடைசிவரைக்கும் இப்படி ஓட்டினால் ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சிருவினம்" என்கிறார். வேலை போனால் வீட்டில் சுவரோடுதான் பேச வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

கை எப்படி ஆனது என்று முழுவதும் கேட்டேன். சும்மா விழவில்லையாம். வேலை முடிந்து ஜெட்டிப் பக்கம் நடந்துபோகும்போது மோட்டாரில் வந்த இரண்டு பையன்கள் பையை இழுத்தார்களாம். வார் கையில் சுற்றியிருந்ததால் அவரையும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பின்னால் இருந்தவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி விட்டிருந்தான், முகத்தைப் பார்த்தேன் என்றார். "பால் வடியிற முகம். எங்க கண்டாலும் அடையாளம் பிடிப்பன்." பிடிபட்டுவிட்டார்களாம். பதினெட்டு வயதுக்குள் என்பதால் பெயரைக்கூட இவருக்குச் சொல்லவில்லையாம். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால் இவர் கோர்ட்டுக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அவர்கள்மேல் அப்படிக் கோபம் வந்தது அண்ணே. இப்படிச் செய்கிறவர்களை வெளியே விடவே கூடாது என்று சொன்னேன். ஆன்ட்டி அடுத்த கடிதத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

உனக்கு விடுதலை எப்போது என்று ஏதாவது சொன்னார்களா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
காமினி


15 ஜூலை 2024

காமினிக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருங்கள்.

இனிமேல் மூன்றாம் மாடிக்குப் போகாதே. அந்த ஆன்ட்டிக்கு டைப் அடித்துக் கொடுக்காதே. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. காரணம் கேட்காதே.

ஊரைப் பற்றியும் எழுத வேண்டாம். படிப்பைப் பார்.

கோகிலன்


பிறை,
30 ஜூலை 2024

அண்ணனுக்கு,

எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ என்னிடம்தான் காரணம் கேட்காதே என்றாய். அம்மாவிடம் கேட்டேன்.

ஃபெரியில் வரும்போது கேட்டேன். மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தோம். உன் கடிதத்தைக் கொடுத்தேன். அம்மா படித்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா போகக் கூடாதாம்?"

"அண்ணன் சொன்னா கேளேன்."

"அண்ணனுக்கு அந்த ஆன்ட்டிய தெரியவே தெரியாதே."

"தெரியும்" என்றார் அம்மா. "கோர்ட்டுல பேரு வாசிச்சாங்க. சற்குணம், மார்லோ சேம்பர்ஸ். நான் அவன் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்."

ஃபெரி போய்க்கொண்டிருந்தது. கோம்தார் கோபுரம் சிறியதாகிக்கொண்டே வந்தது. நான் உடனே புரிந்துகொள்ளவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் உடனே புரிந்துவிட்டது.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் அந்த நாற்காலில உக்காந்திருப்பேனா? வாயத் தொறந்துராதே காமினி."

பிறகு அம்மா, "பையத் தூக்குறேன். வேற என்ன செய்றதுன்னு தெரியல லா" என்றார்.

நீ திருடினாய் என்று எனக்குத் தெரியும். யாரிடம் என்று நான் கேட்டதே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. நீ முன்னால் ஓட்டினாயா, பின்னால் உட்கார்ந்திருந்தாயா? உண்மையாக எழுது.

காமினி


9 செப்டம்பர் 2024

அன்புள்ள காமினிக்கு,

நீங்கள் இருவரும் நலமா?

பின்னால் உட்கார்ந்திருந்தேன். இழுத்தது நான்.

அது மட்டும் இல்லை. அந்தத் தெருவைச் சொன்னதும் நான்தான். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நாட்களில் அங்கே வேலை முடிந்து பெண்கள் எந்த வழியில் ஜெட்டிக்கு நடப்பார்கள் என்று பார்த்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஐயா இப்போது படிப்பார். படிக்கட்டும்.

நவம்பரில் என் கேஸைப் பார்ப்பார்கள். வெளியே விட்டால் யார் வீட்டில் இருப்பேன் என்று கேட்கிறார்கள். அம்மாவுக்குப் போன் செய்தார்களாம். பிறகு சொல்கிறேன் என்றாராம். வீட்டிலிருந்து யாரும் கூப்பிட்டுக்கொள்ளாவிட்டால் இன்னும் இருக்க வேண்டியதுதான்.

தாசேக் கெலுகோரில் பக்கிரிசாமி மாமா செம்பனைத் தோட்டத்தில் வேலை வாங்கித் தருவார் என்று நினைத்தேன். அவருக்கு எழுதினேன். பதில் இல்லை.

அந்த ஆன்ட்டியிடம் ஒன்றும் சொல்லிவிடாதே. அம்மாவின் வேலை போய்விடும்.

கோகிலன்


பிறை,
24 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ ஒழுங்காகச் சாப்பிடு. தாமதமாக எழுதுகிறேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஐயாவுக்கு முன்கூட்டியே தீபாவளி வாழ்த்து.

நான் மூன்றாம் மாடிக்குப் போவதை நிறுத்தவில்லை. இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தேன். ஆன்ட்டி கீழே இறங்கி வந்து, "பிள்ளைக்குக் காய்ச்சலோ?" என்று அம்மாவிடம் கேட்டார். கையில் எனக்காக ஆரஞ்சுப் பழம். அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். மறுநாள் போனேன்.

முன்பைவிட அதிகமாக டைப் அடிக்கிறேன். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறேன். அம்மா பையைத் தூக்கும்போது லிஃப்ட் கதவைப் பார்ப்பார். நான் திரையைப் பார்க்கிறேன்.

உன்னைப் பற்றி அம்மாவிடம் பேசினேன். சண்டைதான் போட்டேன். "அண்ணனை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாம்மா" என்றேன். "வந்தா என்னைப் பாக்க அங்க வருவான். ஒரு நாளு இல்லாட்டி ஒரு நாளு அவங்க கண்ணுல படுவான். அவங்க அங்க இருக்கிற வரைக்கும் முடியாது" என்றார். வேலையை விட்டுவிட்டு வேறு இடம் பாரேன் என்றேன். "நாப்பத்தாறு வயசுல எவன் தருவான், நீ தர்றியா?" என்றார்.

முந்தாநாள் ஆன்ட்டியிடம் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்களாம். நவம்பர் கடைசி வெள்ளியோடு சரி. நான் அடித்த கடிதங்களில் தவறே இல்லை அண்ணே, எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஆனால் மேலாளர் ஒரு நாள் சீக்கிரம் திரும்பி வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நான் அடிப்பதைப் பார்த்துவிட்டார். உள்ளே வரவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை.

"உன்னால இல்லை பிள்ளை. இந்தக் கையால" என்றார் ஆன்ட்டி.

உதவுவதாக நினைத்து நான்தான் கெடுத்துவிட்டேன்.

காமினி


11 நவம்பர் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம்தானே? அம்மா தீபாவளிக்குப் புது உடுப்பு எடுத்தாரா?

நீ கெடுக்கவில்லை. ஆன்ட்டி சொன்னதுதான் சரி, அந்தக் கையால். அந்தக் கையை அப்படி ஆக்கியது யார் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

போன கடிதத்தில் ஒன்றும் சொல்லாதே என்று எழுதினேன். அது எனக்காகத்தான் எழுதினேன், அம்மாவின் வேலை என்று சொல்லிக்கொண்டேன். இப்போது மாற்றிச் சொல்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றால் சொல்லிவிடு. சொன்னால் என் பெயரையும் சேர்த்துச் சொல். ஆன்ட்டிக்கு அது தெரியாமலேயே இருக்கிறது.

அதற்காக என்னை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்தாலும் பரவாயில்லை. என்னைப் பற்றிக் கேட்டால் நீ தலையை ஆட்ட வேண்டாம்.

கோகிலன்


பிறை,
30 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். ஐயாவுக்கு வணக்கம். இதைத் தாமதிக்காமல் அண்ணனிடம் கொடுத்துவிடும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. செவ்வாய்க்கிழமை உங்கள் பள்ளியிலிருந்து அம்மாவுக்கு மறுபடியும் போன் வந்தது. அம்மா உடனே, "கூட்டிட்டு வந்துர்றேன் சார்" என்றார். டிசம்பர் நடுவில் நானும் அம்மாவும் பேருந்தில் வருகிறோம். நீ வீட்டுக்கு வருகிறாய்.

நான் துள்ளிக் குதித்தேன். பிறகுதான் கேட்டேன். "அந்த ஆன்ட்டி?"

"அவங்கதான் வெள்ளிக்கிழமையோட போறாங்களே" என்றார் அம்மா.

நான் கேட்டது கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்றும் எழுதியிருக்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. மதியம் ஆன்ட்டிக்குக் கேக் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். ஐந்து மணிக்கெல்லாம் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். நான் மேலே போனேன். ஆன்ட்டி ஒரு பெட்டியில் கோப்பை, சால்வை, முருகன் படம் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வா பிள்ளை. கேக் வைச்சிருக்கிறன், சாப்பிடு."

நான் உட்காரவில்லை. இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஆன்ட்டி, உங்க பையை இழுத்தது என் அண்ணன். பேரு கோகிலன்."

அவர் கையில் சால்வை இருந்தது. அதை மடித்து முடித்தார். பெட்டிக்குள் வைத்தார்.

"ஜோகூரில படிக்கிறவர் எண்டியள்."

"படிக்கல."

"உன்ர அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"முதல்ல இருந்தே."

ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், அதற்குத் தயாராக இருந்தேன்.

"காலமை காலமை பை தூக்கினது அதுக்கோ" என்றார். "எனக்கு இந்தக் கட்டடத்தில ஒரு சிநேகிதி கிடைச்சிட்டா எண்டு நான் என்ர தங்கச்சிக்குப் போன்ல சொல்லிக்கொண்டு இருந்தன்."

பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் அதுக்குத்தான் வந்தனியோ?"

"இல்ல ஆன்ட்டி. ஜூலை வரைக்கும் எனக்குத் தெரியாது."

"ஜூலைக்குப் பிறகு?"

உன்னிடம் உண்மையாக எழுதுவேன் என்று சொன்ன நான் அவரிடம் வேறு மாதிரி எப்படிச் சொல்வது? "ஜூலைக்குப் பிறகு அதுக்கும்தான். ஆனா அதுக்கு மட்டும் இல்ல" என்றேன்.

இரண்டாவதாகச் சொன்னதை அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. எழுந்துவிட்டார். பெட்டியை நான் தூக்கப் போனேன். "வேண்டாம்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டி, பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனார். நான் படியில் இறங்கினேன்.

கீழே அம்மா வழக்கம்போல எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். ஆன்ட்டி நின்றார். "நான் கொண்டுபோவன், குணவதி" என்றார். அம்மாவை அவர் எப்போதும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அம்மாவின் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். ஜெட்டிப் பக்கம் போகவில்லை, மறுபக்கம் திரும்பினார்.

அம்மா நீட்டிய கையை இறக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அம்மா என்னை அடிக்கவில்லை. திங்கட்கிழமை வேலை இருக்குமா இருக்காதா என்று அம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ வருவதில் மாற்றம் இல்லை, அதை மட்டும் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா சாவிக்கொத்தை எடுத்தார். வேலை முடிந்ததும் ஒவ்வொரு மாடியாகப் போய்ப் பார்க்க வேண்டும். நானும் கூடப் போனேன். மூன்றாம் மாடியில் மேசைமேல் எனக்காக வைத்திருந்த கேக் அப்படியே இருந்தது. ஆன்ட்டி எழுந்தபோது பின்னால் தள்ளிவிட்ட நாற்காலி வழியிலேயே கிடந்தது. அம்மா அதை இழுத்து மேசைக்குள் நேராகச் செருகி வைத்தார். ஜன்னலைச் சாத்தினார். பிறகு விளக்குகளை அணைத்தோம்.